அம்பாசடரா, ஃபியட்டா, ஹெரால்டா? பழைய குடும்பக் கார் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வரையப்பட்ட நான்கைந்து கார்கள்தான் இந்தியக் குடும்பங்களை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சுமந்தன. அவற்றில் ஒன்றை இன்று வாங்கி, ஓட்டவும் நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கண்காட்சிக்கு மட்டும் நிறுத்திவைப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

இந்த மூன்று கார்களை மட்டும் ஏன் பேசுகிறீர்கள்?

வேறு கார்கள் பெரிய அளவில் இல்லை என்பதால்தான். 1953-இல் வரி ஆணையம் அறிக்கை கொடுத்தது. இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள், பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டி விற்பதை நிறுத்த வேண்டும் என்று அதைத் தொடர்ந்து அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. கார் என்று மிஞ்சியவை மூன்று: மேற்கு வங்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார். முதல் கம்பெனி செய்தது அம்பாசடர், இரண்டாவது ஃபியட், மூன்றாவது ஹெரால்டு.

அம்பாசடர் என்பது 1956-இல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. ஃபியட் 1100 இத்தாலியில் 1953-இல் வந்தது. ஹெரால்டு 1959-இல் டிரையம்ஃப் வெளியிட்ட கார். அதை வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை இந்தியக் குடும்பம் இவற்றுக்குள்தான் தேர்ந்தெடுத்தது. அதற்கும் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும்?

வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் அம்பாசடர். இதில் யோசிக்க அதிகமில்லை. இருக்கை உயரம், கதவு அகலம், குனியாமல் உட்காரலாம், எழும்போது கையூன்ற இடம் இருக்கும். முன்னாலும் நீள இருக்கை, கியர் ஸ்டியரிங் கம்பியிலேயே இருப்பதால் ஆறு பேர் ஏறுவார்கள். ஆனால் வண்டி 1,100 கிலோவுக்கு மேல். நிற்கும் இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் பலம் வேண்டும். லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே என்ஜின் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

ஊருக்குள் தினமும் யார் எடுத்தாலும் ஓட்ட வேண்டும், சந்தில் நிறுத்த வேண்டும் என்றால் ஃபியட். எடை 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1089 சி.சி. என்ஜின் சிறிதென்றாலும் சுறுசுறுப்பானது. முன்னால் காயில் ஸ்பிரிங் இருப்பதால் வளைவுகளில் அம்பாசடரைவிடக் கட்டுக்குள் நிற்கும். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நெருக்கம், டிக்கியும் சிறிதுதான். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்ற கணக்குக்கு இந்த மூன்றில் சரியான கார் ஃபியட்தான் என்பது எங்கள் கருத்து. அம்பாசடர்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஹெரால்டு ஓட்டுபவரின் கார். 948 சி.சி. என்ஜின், தனி சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்), 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இன்றைய சின்னக் கார்களில் பலவற்றால் அது முடியாது. பானெட்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும்; டயர்மேல் உட்கார்ந்தபடியே என்ஜின் வேலை பார்க்கலாம். ஆனால் 1968-இல் வந்த மார்க் 3-க்கு முன்புவரை எல்லாம் இரண்டு கதவு. பாட்டியைப் பின்சீட்டில் ஏற்றி இறக்குவதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த ஆண்டு மாடலைத் தேடுவது?

அம்பாசடர் 1957-58 வாக்கில் தொடங்கி 2014 மே மாதம்வரை வந்தது. தொடக்கத்தில் 1476 சி.சி. சைடு வால்வு என்ஜின், அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பது. 1959-இல் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே) என்ஜினுக்கு மாறியது. சைடு வால்வு வண்டி அபூர்வமானது, விலையும் அதிகம், பாகமும் கிடைக்காது. சேகரிப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். குடும்பத்துக்கு 1489 பெட்ரோல் உள்ள மார்க் 2 அல்லது மார்க் 3 நல்ல இடைநிலை: பழைய முகமும் இருக்கும், பாகமும் கிடைக்கும். தினசரிப் பயன்பாடுதான் முக்கியம் என்றால் 1990-களில் இசுசு 1.8 பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியரும் வைத்து வந்த வண்டியைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் இதற்கும் 1489-க்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஃபியட்டில் 1964-இல் வந்த டிலைட் ஒரு எல்லைக்கோடு. அதற்கு முந்தைய எலிகண்ட், சூப்பர் செலக்ட் வகைகளில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவு சரியாகப் பூட்டாமல் ஓட்டினால் காற்றே அதைப் பிடித்து முழுவதும் திறந்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு டிலைட்டோ, அதற்குப் பின் வந்த பிரீமியர் பிரசிடென்ட், பத்மினியோதான் சரி. பத்மினி என்ற பெயர் 1974-இல் வந்தது. அடிப்படையில் அதே வண்டி.

ஸ்டாண்டர்டில் 1970-களின் தொடக்கத்தில் வந்த கெஸலுக்கு ஹெரால்டைவிடக் குறைவாகவே மதிப்பு கொடுக்கிறார்கள். அதனாலேயே விலையும் குறைவு. நான்கு கதவு, பின்னால் வழக்கமான முழு ஆக்சில். குடும்பத்துக்கு ஹெரால்டைவிட இதுவே மேல்.

என்ஜின் வெண்ணெய் போல ஓடுகிறது என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

என்ஜினை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்தக் கார்களின் என்ஜின்களை ஊருக்கு ஒரு லேத்தில் போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, பிஸ்டன் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். செலவு முன்கூட்டியே தெரியும், வேலையும் சில வாரங்களில் முடியும். பாடி அப்படியல்ல. துருப்பிடித்த தரையைப் பிரித்த பிறகுதான் அடியில் இன்னும் என்னென்ன போயிருக்கிறது என்பது தெரியும். டிங்கரிங் செலவு சொன்ன தொகையில் நின்ற கதையே கிடையாது.

அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் தனி சேசிஸ் இல்லை. தரைத் தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப்பகுதியும், முன்னே என்ஜினைத் தாங்கும் இரண்டு கால்களும்தான் வண்டியின் எலும்பு. சோதிக்க வேண்டியது இப்படி:

முதலில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கதவுகளின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவு, முன் மட்கார்டின் பின்முனை ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது பட்டி (குழியை நிரப்பும் பூச்சு). ஓரிரு இடத்தில் இருந்தால் பரவாயில்லை. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி முழுக்க ஒட்டவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, உள்ளே தரைவிரிப்பைத் தூக்குங்கள். ஓட்டுநர் குதிகால் வைக்கும் இடம், பின்சீட்டுக்கு அடி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் மூன்றும் கட்டாயம். விரிப்புக்கு அடியில் தார்த்தாள் புதிதாக ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்; ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், போன தகடு சொத்தென்று ஒலிக்கும்.

கடைசியாக, ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். தூக்கிய நிலையில் அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். தரையில் இருக்கும்போது சுலபமாக மூடிய கதவு இப்போது உரசினாலோ பூட்டில் விழாவிட்டாலோ, வண்டி நடுவில் வளைகிறது. வெளியே எவ்வளவு பளபளத்தாலும் இந்தச் சோதனையில் தப்ப முடியாது. விற்பவர் ஜாக்கி போட வேண்டாம் என்று சொன்னால், பதில் கிடைத்துவிட்டது.

ஹெரால்டில் பாடி சேசிஸ்மேல் போல்ட்டில் நிற்கிறது. துருப்பிடித்த பகுதியைக் கழற்றி வேறு மாட்டலாம். அங்கே பார்க்க வேண்டியது சேசிஸிலிருந்து இருபுறமும் கைபோல நீளும் தாங்கிகளையும், பின் ஸ்பிரிங் உட்காரும் பகுதியையும். கடலோர ஊரில் கிடந்த வண்டியில் இவைதான் முதலில் போகும்.

சரி, என்ஜினில் எதைப் பார்ப்பது?

குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஸ்டார்ட் செய்ததும் சில நொடி நீலப்புகை வந்து நின்றால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் (போர்) தேய்ந்திருக்கின்றன. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கெட்.

பிறகு கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்; கேஜ் வைத்து அளக்க வேண்டும். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் இடையில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

ஸ்டியரிங் கம்பியில் உள்ள கியர் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கைப்பிடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கம்பிகளின் புஷ்கள் தேய்ந்திருக்கும். அதனால் ஒரு கியர் முழுவதும் வெளியே வருவதற்குள் அடுத்த கியரின் பாதைக்குக் கை தாவிவிடுகிறது. இரண்டு நெம்புகளும் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு நிற்கும்.

நடுரோட்டில் நின்றால், என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் கம்பியின் அடிப்பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு நெம்புகளைப் பாருங்கள். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்கும். ஒருவர் கிளட்ச்சை அழுத்திக்கொள்ள, மற்றவர் அவற்றைக் கையால் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் நியூட்ரலுக்கு வந்துவிடும். நிரந்தர வைத்தியம் புஷ் மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்வதுதான். அதைச் செய்யாமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கை மாற்றுங்கள்.

அம்பாசடரின் பழைய நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) கிடையாது. வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் கரகரவென்று சத்தம் வருவது இயல்பு; வண்டி நின்ற பிறகு போடுங்கள்.

ஹெரால்டின் முன்சக்கரம் ஓடும்போதே மடங்கிவிடும் என்கிறார்களே?

உண்மை. ஆனால் அது வண்டியின் சாபமல்ல, கிரீஸ் கன்னின் வேலை.

ஹெரால்டின் முன்சக்கரம் திரும்பும்போது, ஒரு இரும்புத் தண்டின் அடியிலுள்ள மரை, பித்தளைக் கட்டை ஒன்றுக்குள் சுழல்கிறது. அந்தக் கட்டைக்குப் பெயர் டிரன்னியன். அதற்குக் கம்பெனி சொன்னது கியர் ஆயில், 90 கிரேடு ஹைப்பாய்டு. எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துப் பழகிய கைகள் இதிலும் கிரீஸ் அடித்தன. கிரீஸ் மரையின் உள்வரை போகாது, காலப்போக்கில் இறுகிவிடும். மழைத்தண்ணீர் அதற்குள் தங்கும். இரும்புத் தண்டு துருப்பிடித்து மெலிந்து, ஒருநாள் மரையின் கழுத்தில் முறிகிறது. சக்கரம் உள்ளே மடங்குகிறது.

வாங்கியதும் இரண்டு பக்கமும் பிரித்துப் பாருங்கள். தண்டில் குழிவிழுந்த துரு இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இடது, வலது டிரன்னியன்களின் மரை எதிரெதிர்த் திசை. கழற்றும்போது அடையாளம் போட்டு வையுங்கள். பூட்டிய பிறகு ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின்மேல் பாரம் இல்லாமல், ஆயில் நிரப்பிய கன்னால் மேல்விளிம்பில் ஆயில் கசியும்வரை அடியுங்கள். புத்தகம் 6,000 மைல் என்று சொன்னாலும், நம் ஊர்த் தூசிக்கும் மழைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டியரிங் வழக்கத்தைவிட இறுகினால் தவணைவரை காத்திருக்க வேண்டாம்.

பின்சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஹெரால்டின் பின் ஆக்சில் இருபுறமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய், பாதியில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து வால் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மெல்ல இழுத்துக்கொண்டு திரும்புங்கள். கெஸலில் இந்தத் தொல்லை இல்லை.

பிரேக் போதுமானதா?

இந்த வண்டிகளின் வேகத்துக்குப் போதும். முன்னால் போகும் புதுக்காரின் பிரேக்குக்குப் போதாது. நான்கும் டிரம். பழைய மாடல்களில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், ஹேண்ட்பிரேக்தான் மிச்சம். எனவே ஹேண்ட்பிரேக்கை ஒழுங்காக வைத்திருப்பது அலங்காரமல்ல.

பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே போனால், வெளியே கசிவு இல்லாவிட்டாலும், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கிறது. வண்டி ஒருபக்கம் இழுத்தால் ஏதோ ஒரு வீல் சிலிண்டர் கசிந்து ஷூவை நனைத்திருக்கும். ஆயிலில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது ஏமாற்று வேலை, மாற்றுங்கள். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடி சூடேறினால் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும்: அழுத்தும்போது ஆயிலை விடும், திரும்பி வர விடாது. நிறைய பேர் இதற்கு வீல் சிலிண்டரை மாற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

ஏர் எடுக்கும் (பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) வரிசை, நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஆயில் டாட் 3 அல்லது 4. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

வெயிலில் டிராஃபிக்கில் நின்றுவிடுகிறது, அரைமணி கழித்து ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

இரண்டு வேறு வியாதிகளை இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். வெப்பமானி சிவப்பைத் தொட்டு, தண்ணீர் கொதித்து நின்றால் ரேடியேட்டர். போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஊற்றி உள்குழாய்களில் உப்பு படிந்திருக்கும். ரேடியேட்டரின் உள்பகுதியை (கோர்) மாற்றினால் தீரும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போக வேண்டும், அதற்கு மேல் தொளதொளத்தால் இறுக்குங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். ரேடியேட்டர் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்ற அவசியமே இல்லை.

வெப்பமானி இயல்பாக இருக்க, வண்டி மட்டும் இருமி இருமி நின்றால் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஃபியட்டில் இது சகஜம்: பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டியிருப்பதால் நெரிசலில் நிற்கும்போது சூடேறும், பம்புக்குள் திரவத்துக்குப் பதில் ஆவி நிற்கும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது பழைய டாக்சி வைத்தியம், இன்றும் வேலை செய்யும். நிரந்தரமாக, பம்புக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள வெப்பத்தடுப்புக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள், பெட்ரோல் குழாயைச் சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி ஓட்டுங்கள்.

அதிலும் தீராவிட்டால் காயிலையும் கண்டென்சரையும் மாற்றிப் பாருங்கள். சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பெறும் குணம் அவற்றுக்கும் உண்டு.

இ20 பெட்ரோல் போட்டால் என்ன ஆகும்?

இ20 என்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் மூன்று சிக்கல்கள். எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். பம்ப் டயாஃப்ரம், குழாய்கள் எல்லாம் பிசுபிசுத்து வெடிக்கும், அடியில் சூடான என்ஜின் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. இரண்டாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். நிறுத்திவைப்பதானால் டேங்க்கை நிரப்பியே வையுங்கள், இல்லையென்றால் முழுவதும் இறக்கிவிடுங்கள். மூன்றாவது, கலவை மெலிந்து என்ஜின் சூடாக ஓடும். எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள அம்பாசடரில் அடியிலுள்ள ஜெட் நட்டை ஒரு முகம் (நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு), தேவையானால் இன்னொரு முகம் கீழே இறக்கினால் சரியாகிவிடும். மற்றவற்றில் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் வேண்டும்.

ஈயம் இல்லாத பெட்ரோலைப் பற்றியும் கேட்பார்கள். 2000-இல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இந்த வார்ப்பிரும்பு ஹெட்களில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை ஈயம் இல்லாமல் மெதுவாகத் தேயும். மிதமாக ஓட்டினால் அவசரமில்லை; டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவிலுள்ளது) அடிக்கடி குறைகிறதா என்று கவனியுங்கள். எப்போது ஹெட்டை இறக்கினாலும் அப்போது கெட்டியான சீட் வளையம் போட்டுவிடுங்கள்.

டேப்பெட், பாயிண்ட், பிளக் அளவுகள்?

அம்பாசடர் 1489: டேப்பெட் 0.015 அங்குலம், என்ஜின் சூடாக. ஹெரால்டு 948: 0.010 அங்குலம், குளிர்ச்சியாக. இரண்டுக்கும் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டரில் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 0.015, பிளக் 0.025 அங்குலம். தீப்பொறி வரிசை மூன்று கார்களிலும் 1-3-4-2.

டேப்பெட் வைக்க ஒரு சுலபக் கணக்கு உண்டு. ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8-ஆவது முழுவதும் அழுந்தி நிற்கும்போது 1-ஐ வையுங்கள். 6 அழுந்தினால் 3, 5 அழுந்தினால் 4. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கையால் சுற்றுவது எளிது. ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து வர வேண்டும். கொஞ்சம் சத்தம் வருவது நல்லது. சத்தமே இல்லாத டேப்பெட் வால்வை எரிக்கும்.

என்ஜின் ஆயில் 20டபிள்யூ-50, சாதாரண மினரல். அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் ஏறக்குறைய நான்கு லிட்டர். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலைப் பழைய சீல்களில் ஊற்றினால் வீட்டு வாசலில்தான் கோலம் போடும்.

புது ஸ்டீரியோ மாட்டியதும் புகைந்துவிட்டது. ஏன்?

பேட்டரியைப் பாருங்கள். பழைய அம்பாசடர், ஹெரால்டுகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய எந்தப் பொருளும் நெகட்டிவ் பாடிக்குத்தான் செய்யப்படுகிறது. ஃபியட்டில் முதலிலிருந்தே நெகட்டிவ்.

மாற்ற விரும்பினால்: பேட்டரியைத் திருப்பி இணையுங்கள், காயிலின் இரண்டு மெல்லிய ஒயர்களை இடம் மாற்றுங்கள், ஆம்மீட்டர் இருந்தால் அதன் ஒயர்களையும். பிறகு டைனமோவின் எஃப் முனையில் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரால் அந்த முனையை இரண்டு மூன்று முறை நொடிநேரம் தொட்டுவிட்டு, ஒயரை மறுபடி மாட்டுங்கள். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்து கட் அவுட்டை (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் ரிலே) எரித்துவிடும். இரவில் அதிகம் ஓட்டுபவர் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் நெகட்டிவ் பாடி கட்டாயம்.

பாகங்கள் கிடைக்குமா?

அம்பாசடருக்கு எளிது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுப் பாகம், புதுப்பேட்டையில் கழற்றியது. கொல்கத்தா மல்லிக் பஜாரில் இன்னும் அதிகம். 1489 என்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி வரிசை. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் முதல் என்ஜினும் இதுவே என்பதால் வெளிநாட்டிலும் பாகம் செய்கிறார்கள்.

ஃபியட்டுக்கு என்ஜின் பாகம் கிடைக்கும். கிரில், நிக்கல் பட்டை, கண்ணாடி ரப்பர் போன்றவைதான் கஷ்டம். வாங்கும்போது இந்தச் சில்லறைச் சாமான்கள் முழுதாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மும்பை டாக்சி பத்மினிகள் இருபது ஆண்டு வரம்பால் 2023 அக்டோபரோடு முடிந்தன; அந்த ஊற்று வற்றிவிட்டது.

ஹெரால்டுக்கு டிரன்னியன், பிரேக் போன்றவை இங்கிலாந்தில் கிடைக்கும். ஆனால் நான்கு கதவு மார்க் 3-உம் கெஸலும் இந்தியாவில் மட்டும் வந்தவை. அவற்றின் பின்கதவோ பின் கண்ணாடியோ உடைந்தால் இன்னொரு வண்டியைத்தான் தேட வேண்டும்.

டீசல் அம்பாசடர்?

சுமை ஏற்றவும் டாக்சிக்கும் வந்தது. குடும்பத்துக்கு வேண்டாம், சத்தமும் அதிர்வும் பாடியின் வெல்டிங்கைத் தளர்த்திவிடும்.

குழந்தைகளை ஏற்றலாமா?

சீட் பெல்ட், தலைத்தாங்கி, மடியும் ஸ்டியரிங் கம்பி எதுவும் இல்லாத காலத்து வண்டி. பெல்ட் மாட்டலாம், ஆனால் வெறும் தகட்டில் துளைபோட்டு மாட்டினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளங்கை அளவுக்குக் கனத் தகட்டைப் பின்னால் வெல்டு செய்து, அதில் மாட்ட வேண்டும். ஊருக்குள் குறைந்த வேகத்தில் சரி. இரவு நெடுஞ்சாலைக்குக் குழந்தைகளோடு இதை எடுக்காதீர்கள்.

ஆர்.சி. விஷயத்தில் என்ன பார்ப்பது?

சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியிலேயே தேய்த்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இந்த வயதில் என்ஜின் மாற்றாத வண்டி குறைவு, மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். விற்பவர் பெயரில் ஆர்.சி. இல்லாமல், காலமான தாத்தா பெயரில் இருப்பது வழக்கம். அப்போது முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றி, பிறகுதான் 29, 30 படிவங்களில் உங்கள் பெயருக்கு. வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. வங்கிக் கடன் குறிப்பு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால் படிவம் 35. பழைய மூன்றெழுத்து எண்ணுக்கு மயங்கி, பதிவு காலாவதியான வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு உண்டு: எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்து ஆண்டு. ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக நினைப்பவர் சாதாரணப் பதிவிலேயே இருப்பது மேல்.

வாங்கி வீட்டுக்கு வந்தாயிற்று. முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஓட்டாதீர்கள். எல்லா ஆயிலையும் மாற்றுங்கள்: என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், பிரேக். பெட்ரோல், பிரேக், தண்ணீர் ரப்பர் குழாய்கள் அனைத்தும் புதிதாக. ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், பிளக் ஒரு செட் போட்டு, இன்னொரு செட் டிக்கியில். டயரில் வெடிப்பு இருந்தால் கோடு தேயாவிட்டாலும் மாற்றுங்கள். ரேடியலையும் பழைய நூல் டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்காதீர்கள். முன் அடிப்பகுதியின் கிரீஸ் நிப்பிள்களைத் துடைத்து, பழைய கருப்பு கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடியுங்கள்; அடைத்த நிப்பிளை விட்டுவிடாமல் மாற்றுங்கள். பிறகு பத்து கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வாரம் ஓட்டி, தினமும் அடியில் அட்டை விரித்து எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். பெயின்ட் அடிப்பதை அதற்கப்புறம், குறைந்தது ஒரு மழைக்காலம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கெங்கே உள்ளே வருகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.